ஊசி வைத்திருக்கும் கிருமிகளும் என் கொழுந்தனாரும்

கிருமி ஆராய்ச்சி என்பது, பாதி நாள் கிருமி வளரக் காத்திருந்து, மீதி நாள் அது ஏன் வளரவில்லை என்று கவலைப்படும் தொழில். ஆய்வகத்தில் குப்பை கொட்டும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சாப்பாட்டு நேரம்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில் சாப்பிடப் போயிருந்தோம். என் கணவரின் தம்பி செல்வம், கட்டுமானத் தளத்தில் சூப்பர்வைசர், "அப்படி என்னதான் அண்ணி பண்றீங்க?" என்று கேட்டார்.

சில கிருமிகளிடம் ஊசி போல ஒன்று உண்டு, அதன் வழியாக நம் செல்லுக்குள் நஞ்சை ஏற்றும், ஒரு புரதம் அந்த வழியை அடைத்துக்கொண்டு நிற்கும், கிருமி நம் செல்லைத் தொட்டதும் விலகிவிடும், அந்தப் புரதத்தைத்தான் ஆராய்கிறேன் என்றேன். மீன்தலைக் கறியை ஓரமாகத் தள்ளி வைத்தார். "கேட்டது என் தப்புதான் அண்ணி. இனிமே சாப்பிட்டு முடிச்சப்புறம் கேக்கறேன்."

காலித் தட்டு

அந்தப் புரதமே இல்லாத கிருமியை உருவாக்கினோம். தடுக்க ஆளில்லை, ஆட்டம் போடும் என்று நினைத்தேன். வளர்ப்புத் தட்டில் ஒன்றுமே இல்லை. நான்தான் சொதப்பிவிட்டேன் என்று மறுபடி மறுபடி செய்தேன். அதே காலித் தட்டு. பக்கத்து மேசை கவிதா, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், எட்டிப் பார்த்தாள். "அக்கா, உங்க மிஸ்டேக் இல்ல லா. நிறுத்தாம எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டே இருந்தா, அது வளர எனர்ஜி எங்க இருக்கும்?"

வார்டு

மழை மாதத்தில் செல்வத்துக்குக் கடும் காய்ச்சல். சர்க்கரை நோய் உள்ளவர். காலில் சிறு வெட்டோடு சேற்றில் நின்றிருக்கிறார். மண்ணில் இருக்கும் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அந்தக் கிருமியை எனக்கு நன்றாகவே தெரியும். நான் வளர்ப்பது வேறு கிருமி, ஆனால் இதற்கும் அதே மாதிரி ஊசி உண்டு. அதை ஆட்டிவைக்கும் புரதங்களை வரிசையாகச் சொல்வேன். செயற்கை சுவாசக் குழாயோடு கிடந்தவருக்கு அதில் ஒன்றுகூட உதவாது. இத்தனை வருடம் படித்து என்ன பிரயோஜனம் என்று அழுகை வந்தது. அப்போதுதான் ஊரிலிருந்து அவர் மனைவி மலர் கூப்பிட்டாள். "அக்கா, நீங்க இதத்தானே படிக்கிறீங்க. பொழைச்சுருவாரான்னு மட்டும் சொல்லுங்க."

மாத்திரை

பிழைத்தார். காப்பாற்றியவை வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்துகள். எங்கள் புரதத்துக்கு அதில் பங்கில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். உடம்பு தேறியதும், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று அவர் அதை நிறுத்திவிட்டார். மார்சிலிங்கில் அவருடைய வாடகை அறையில் பிரிக்காத அட்டைகளைப் பார்த்தேன்.

இந்தக் கிருமி உடம்புக்குள் பதுங்கிக் கிடக்கும், மருந்தை விட்டால் திரும்ப வரும், அடுத்த முறை பிழைப்பது நிச்சயமில்லை என்று கத்தினேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை. அன்றே டாக்டரிடம் இழுத்துப் போய் மறுபடி தொடங்க வைத்தேன். மலரிடமும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சொன்னாள்: "அக்கா, ஆராய்ச்சி இருக்கட்டும். தெனமும் அவரு மாத்திரை போடறாரான்னு மட்டும் பாத்துக்கங்க."

ஆக, கிருமிகளின் புரதங்களைக் கரைத்துக் குடித்தவள் என்று பெயரெடுத்த நான் தற்சமயம் மருத்துவ உலகுக்கு ஆற்றும் தொண்டு, வேலை முடிந்ததும் ரயிலேறிப் போய், ஒருவர் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை பக்கத்தில் நிற்பதுதான்.