நினிவேக்கு என்ன ஆயிற்று?

எலவனாசூர்கோட்டையில் ராஜாம்பாளுக்கும் அவள் கணவன் வீரமுத்துவுக்கும் நிலக்கடலை போடும் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லையும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. ஒருநாள் உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் யாரோ அவள் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்துவிட்டுப் போனார்கள். தபாலில் இலவச வேதபாடம் என்று போட்டிருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு மறுபடியும் பாடம், பரீட்சை என்றதுமே ஆசை வந்துவிட்டது. எழுதிப் போட்டாள்.

அனுப்பினார்கள். பழைய எபிரேய வேதத்தில் வரும் பன்னிரண்டு சின்னத் தீர்க்கதரிசிகளைப் பற்றிய பாடம் அது. "சின்னவங்கன்னா வயசுலயா, அந்தஸ்துலயா?" என்று முதல் விடைத்தாளின் ஓரத்திலேயே கேட்டு அனுப்பினாள். அவர்கள் எழுதியது கொஞ்சம், அதனால்தான் அந்தப் பெயர் என்று பதில் வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆமோஸ் அயலூர்ப் பணக்காரர்களை ஏன் அப்படித் திட்டினான், ஓசியா என்ற தீர்க்கதரிசி ஓடிப்போன மனைவியை எதற்குத் திரும்பக் கூட்டிவந்தான் என்று களையெடுக்கும்போதெல்லாம் யோசித்தாள்.

"இன்னா, பெருமாள வுட்டுட்டுக் கெளம்பிட்டியா?" என்றான் வீரமுத்து.

"பெருமாள் அங்கியேதான் இருக்காரு. நான் படிச்சிக்கினு இருக்கேன், அவ்ளோதான்."

எண்பத்தேழு செப்டம்பரில் யோனா வந்தான். பகைவரின் ஊரான நினிவே அழியப்போகிறது என்று போய்ச் சொல்லக் கடவுள் அனுப்பிய ஆள். மறுத்துக் கப்பலேறி, மீன் வயிற்றுக்குள் கிடந்து, கடைசியில் போய்ச் சொன்னான். ஊர் மனம் திருந்தியது. கடவுளும் அழிக்காமல் விட்டுவிட்டார். கோபத்தோடு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்தான் யோனா. பாடம் அங்கே நின்றது. மீதி அடுத்த தபாலில்.

அடுத்த தபால் வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியிருந்தது. கள்ளக்குறிச்சி சாலையில் புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. வீரமுத்துவும் கோடாலியோடு போயிருந்தான். சேலம் போகும் பஸ் ஒன்று ஊரெல்லையில் மாட்டிக்கொண்டது. பசியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெருப் பெண்கள் புளிசோறு கிளறினார்கள்.

சட்டியோடு பஸ்ஸில் ஏறிய ராஜாம்பாள் கேட்டாள்: "இதுல கிறிஸ்துவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

முன் இருக்கைப் பெண் முந்தானையை இழுத்துக் கழுத்திலிருந்த சிலுவையை மூடிக்கொண்டாள். கேட்ட விதம் தப்பு என்று ராஜாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, பயப்படாதீங்க. யோனா கதை பாதியில நிக்குது. தபால் வரல. முடிவு தெரியணும்."

பின்னாலிருந்து கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் சிரித்தார். பகலவன் என்று பெயர் சொன்னார். "எனக்குச் சாமியே கிடையாதுங்க. ஆனா மிஷன் ஹாஸ்டல்ல படிச்சவன். சொல்றேன். யோனாவுக்கு நெழலுக்குக் கடவுள் ஒரு ஆமணக்குச் செடிய மொளைக்க வெச்சாரு. மறுநாள் புழு அரிச்சு அது காஞ்சிபோச்சு. செத்தாத் தேவலன்னான் யோனா. நீ நடாத செடிக்கு இப்பிடி வருத்தப்படறியே, வலது கை இடது கை தெரியாத லட்சம் ஜனம், அத்தினி மாடு கன்னு இருக்கிற ஊருக்காக நான் வருத்தப்படக் கூடாதான்னு கேட்டாராம்."

"மாட்டையுமா சொன்னாரு?"

"ஆமாங்க."

"அதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

"அதோட முடிஞ்சுது."

"நீங்க மறந்துட்டீங்க."

முன் இருக்கைப் பெண் திரும்பினாள். "மறக்கலங்க. வேதத்துல அவ்ளோதான் இருக்கு."

பஸ் கலகலப்பானது. எழுந்து ஊருக்குப் போயிருப்பான் என்றார் கண்டக்டர். "கோவம் தீந்திருக்காது. எங்கள இப்படி உக்கார வெச்சவங்க மேல எனக்கும் அதே கோவந்தான்" என்றார் வேட்டி கட்டிய ஒருவர்.

ராஜாம்பாள் கரண்டியோடு நின்றாள். "வெட்டினதுல எங்க வூட்டுக்காரரும் ஒருத்தருங்க. புள்ளைங்களுக்குப் படிப்பு, வேலை கெடைக்கணும்னுதான் போனாரு. நீங்க கோவப்படறதும் நியாயந்தான். சாப்புடுங்க."

அவர் இலையை நீட்டினார்.

மரங்கள் அகற்றப்பட்டு பஸ் போனது. அடுத்து போலீஸ் வந்தது. வீரமுத்துவைப் பிடித்துக்கொண்டு போய்க் கடலூர் ஜெயிலில் வைத்தார்கள். அவள் பார்க்கப் போனபோது முகம் வாடியிருந்தான். மாட்டை விசாரித்தான், கொல்லையை விசாரித்தான். பிறகு, அவள் பாதிவரை சொல்லியிருந்த கதையை நினைத்து, "கடைசியில அந்த நினிவே பொழச்சுதா?" என்றான்.

"பொழச்சுது. மாடுகூட."

அவன் வெளியே வந்த வாரம்தான் நாகூம் என்ற இன்னொரு தீர்க்கதரிசியின் பாடம் வந்தது. ராஜாம்பாள் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாகூமும் அதே நினிவேயைப் பற்றித்தான் சொன்னான். அது அழியும் என்று, கேட்கிறவர்கள் கைகொட்டும் அளவுக்குச் சந்தோஷமாக.

"இன்னாங்க, கடைசியில அழிஞ்சே போச்சாம்!"

"பொழச்சுதுன்னியே?"

"அது யோனா காலத்துல."

திருந்திய ஊர் பிறகு ஏன் அழிந்தது, இரண்டையும் ஏன் ஒரே வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தாள் நிறைய எழுதிக் கேட்டாள். பின்வந்த தலைமுறை மறுபடியும் கொடுமையில் இறங்கியது என்று பதில் வந்தது. அது அவளுக்குப் போதவில்லை. பகலவனிடம் கேட்கலாமென்றால் முகவரி இல்லை. வீரமுத்துவிடமே கேட்டாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தப் பாடத் தாள இங்க குடு" என்றான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அவன் படித்து முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.