அண்ணன் வாங்கிய குடை

எங்கள் வீட்டு ஆணியில் ஒரு கறுப்புத் துணிக்குடை தொங்குகிறது. சிறு பிள்ளை பிடிக்கிற அளவுக்குச் சின்னது. எந்த வெயிலுக்கும் எந்த மழைக்கும் அதை விரித்ததில்லை. வாங்கியது என் அண்ணன். அதைப் பார்க்கும்போதெல்லாம் மதினியின் நினைப்பு வந்துவிடும்.

மதினி எங்கள் சொந்த அத்தை மகள். முறை விட்டுப்போகக் கூடாது என்று அண்ணனுக்குக் கட்டி வைத்தார்கள். இருவரும் நல்ல கறுப்பு. பாளையங்கோட்டையில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு அவள் போய்வந்தாள். முதல் பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்தது. உடம்பும் தலைமுடியும் இமைமுடியும் பஞ்சாக வெளுத்திருந்தன. வெளிச்சம் பட்டால் கண் கூசி அழுதது. பார்க்க வந்தவர்கள் பங்களா இருந்த திசையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணன் என்னிடம் கேட்டான்: "ஏலே, நீ அந்தப் பக்கம் போவியே, ஏதும் பாத்தியா?" அந்தத் துரை மதினியோடு சிரித்துப் பேசியதை ஒருநாள் பார்த்திருந்தேன். பார்த்தது அவ்வளவுதான். அதைச் சொன்னேன். பொய் சொல்லாதவன் என்று எனக்கு அப்போது ஒரு பேர்; பாவி, அந்தப் பேர் எனக்கு இனித்தது.

மறுவாரமே மதினியையும் பிள்ளையையும் ஏரலில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். வண்டி ஏறும்போது என்னிடம், "கர்த்தர் மேல சத்தியம் பண்ணிட்டேன் கொழுந்தனாரே. இன்னும் நான் என்ன செய்யணும்?" என்றாள். நான் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டு வருஷம் போனது. நான் பள்ளிக்கூட வாத்தியாராகியிருந்தேன். அங்கே தாவரப் பாடம் எடுத்த நண்பர் ஊதாப் பூ பூக்கும் கருவூமத்தையின் மகரந்தத்தை வெள்ளூமத்தைப் பூவில் தடவி விதை எடுத்திருந்தார். முளைத்த செடி அத்தனையும் ஊதாவாகப் பூத்தன. "வெள்ளை அழிஞ்சு போச்சே" என்றேன். "பொறும் வே" என்றார். அந்த ஊதாச் செடிகள் தாமாகக் காய்த்த விதையை அடுத்த முறை விதைத்தார். ஏறக்குறைய நாலில் ஒரு செடி வெள்ளையாகப் பூத்தது.

"வெள்ளை எங்கயும் போகல வே. உள்ள ஒளிஞ்சு கெடந்துச்சு. ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து சேர்ந்தாத்தான் வெளிய தெரியும். மனுசருக்கும் அப்படித்தான்னு எழுதுதாங்க. சொந்தத்துக்குள்ள கட்டுனா இன்னும் லேசாச் சேந்துருமாம்."

எனக்கு மதினியின் பிள்ளை நினைவுக்கு வந்தாள். அன்று சாயங்காலமே அப்பாவிடம் போய், நம் வம்சத்தில் யாராவது அப்படி வெளுத்துப் பிறந்தார்களா என்று கேட்டேன். தன் தகப்பனாருக்கு வெள்ளைமுடியோடு பிறந்த தங்கை ஒருத்தி இருந்தாள் என்றார். அந்தத் தகப்பனார்தான் அண்ணனுக்கும் மதினிக்கும் தாத்தா. "வெளிய தெரிஞ்சா நம்ம வீட்டுல எவன்லே பொண்ணு எடுப்பான்?" என்றார். எட்டு வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கடைக்குப் போய் இந்தக் குடையை வாங்கினான். பிள்ளைக்கு வெயில் ஆகாது என்பது மட்டும் அவன் மனதில் இருந்திருக்கிறது.

இருவரும் ஏரலுக்குப் போனோம். மதினி காய்ச்சலில் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அறுந்த உறவு என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. பழஞ்சேலை ஒன்றை முக்காடாகப் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கியபடி பிள்ளை வாசலில் நின்றாள். நிறத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அண்ணனின் முகமேதான். எட்டு வருஷமாக அதை யாரும் பார்க்கவில்லை. அண்ணன் குடையை நீட்டினான்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள், வழிப்போக்கரிடம் சொல்வதுபோல. "எனக்கு எங்க அம்மை சேலை இருக்கு."

தான் யாரென்று அண்ணன் அவளிடம் சொல்லவில்லை. குடையை என் கையில் கொடுத்துவிட்டு, ஆற்றங்கரை வரை உச்சி வெயிலில் எனக்கு முன்னால் நடந்தான்.

இப்போது அண்ணனும் இல்லை. குடைத்துணி மடிப்புகளில் இற்றுப்போய்விட்டது. விரித்தால் கிழிந்துவிடும்.