சந்திரகிரியில் தண்ணீர் குடிக்கும் மதில்

செவ்வாய்க்கிழமை, காலை 8.20. திருப்பதிப் பேருந்து நிலைய வாசலில் தெலுங்கில்தான் பேரம் தொடங்கியது. சந்திரகிரி பதினைந்து கிலோமீட்டர். போய்ச் சுற்றிப் பார்த்துத் திரும்ப எண்ணூறு ரூபாய் என்றார் ஆட்டோக்காரர். நான் பாலசமுத்திரத்துக்காரி என்றதும் தமிழுக்கு மாறினார். பெயர் முருகேசன், சொந்த ஊர் நகரிப் பக்கம். முகமெல்லாம் சிரிப்பு. தாய்வீட்டில் பிள்ளை பெற்ற மனைவி, மூன்று மாதக் குழந்தையோடு அன்று மதியம் முதன்முறையாக வீட்டுக்கு வருகிறாராம்.

வேலை என்னவென்று கேட்டார். சென்னையில் பழைய கட்டடங்களின் விரிசல்களை அளப்பது என்றேன். ஆட்டோவின் வேகம் குறைந்தது.

"மேடம், எங்க வூட்டாண்ட வந்து ஒரு சொவுரு பாக்குறீங்களா? கோட்ட மதிலுதான் எங்களுக்குப் பின்சொவுரு. உள்ள யாரோ தட்டிக்கினே கீறாங்க. அந்த ரூம்லதான் கொயந்தைக்குத் தொட்டிலு கட்டி வெச்சிக்கீறேன்."

வருகிறேன் என்றேன். முதலில் கோட்டை.

10.00. கீழ்க்கோட்டை மதிலைத் தாண்டியதும் இரைச்சல் சட்டென்று நின்றது. மதில் கற்கள் ஒவ்வொன்றும் ஆளுயரம். முகப்புக் கற்களுக்கு இடையே சாந்து இல்லை. இழைத்த விளிம்புகள் ஒன்றையொன்று கவ்வி நிற்கின்றன. பின்னால் பாறைமலை. அதன் உச்சியில் மேல்கோட்டையின் சிதைவுகள். யாதவராயர்கள் தொடங்கிய கோட்டை, விஜயநகர அரசு தேய்ந்த காலத்தில் தலைநகரமே ஆனது. சென்னைக் கோட்டைக்கான நிலப் பத்திரம் இங்கிருந்துதான் போனது என்று இங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்கிறார்கள்.

ராஜமகால் மூன்று அடுக்கு. கருங்கல், செங்கல், சுண்ணாம்பு. மரமே சேர்க்காமல் கட்டியது. தரையைத் தாங்குவதும் வளைவு, கூரையைத் தாங்குவதும் வளைவு. உத்தரம் இல்லாததால் கரையான் தின்ன ஒன்றுமில்லை. எடை முழுவதும் தூண்கள் வழியே மண்ணுக்கு இறங்குகிறது. இப்போது உள்ளே அருங்காட்சியகம். அன்று என்னைத் தவிர ஒருவரும் இல்லை. தலையில்லாத சிலைகள் நடுவே நடந்தேன். நான் நின்ற பிறகும் என் காலடி ஓசை எங்கோ இரண்டு எட்டு வைத்து நின்றது. வளைகூரையின் எதிரொலி என்று குறித்துக்கொண்டேன். அடுத்தது ராணிமகால், சிறியது, இரண்டு அடுக்கு. கீழ்த்தளம் குதிரை லாயமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். ராணி அங்கே வாழ்ந்ததற்குச் சான்று எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

பகல் 1.15. முருகேசனின் வாடகை வீடு இரண்டே அறை. பின்னறையின் பின்சுவர் முழுவதும் கோட்டைக் கல். அதிலிருந்து மூன்று அடி தள்ளி, கூரைக் கொக்கியில் புதுச் சேலைத் தொட்டில். கல்லில் மஞ்சள், குங்குமம். இரண்டு கற்களுக்கு இடையில் விரல் நுழையும் பிளவு. அதன் கீழே வரிசையாகக் குடங்கள்.

"முன்ன இருந்தவங்க சொல்லிட்டுப் போனாங்க மேடம். கோட்டம்மாவுக்குத் தாகமாம். செவ்வாக்கெழம ஊத்தினா ரெண்டு நாளு கம்முனு கீது. மொதல்ல ஒரு கொடம் போதும். இப்ப ஏழு கேக்குது."

"இங்கே பத்துக் குடம் இருக்கே?"

"கொயந்த வருதுல்ல, அதான்."

ஒரு குடத்தைப் பிளவில் சரித்துக் காட்டினார். மஞ்சள் தண்ணீர் முழுவதும் உள்ளே போயிற்று. தரையில் ஒரு சொட்டு இல்லை. வெளிப்புறம் ஓடிப்போய்ப் பார்த்தேன், அங்கும் ஈரமில்லை. திரும்பி வந்து கல்லில் காதை வைத்தேன். வெகு ஆழத்தில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

அப்புறம் தட்டும் ஓசை. டக், டக், டக். ஓர் இடைவெளி. மறுபடி மூன்று.

பையிலிருந்து, சாய்வு பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்து நூலில் தொங்கவிட்டேன். மதிலின் தலை நான்கு விரற்கடை அறைக்குள் சாய்ந்திருந்தது. முருகேசனிடம் மறைக்காமல் சொன்னேன். இரண்டு கல்முகங்களுக்கு நடுவே மண்ணும் கல்துண்டும் திணித்துக் கட்டிய மதில் இது. ஊற்றும் தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு போகிறது. உள்ளே வெற்றிடம் பெருகுகிறது. அதனால்தான் ஒரு குடம் ஏழானது. கேட்பது, கற்கள் கழன்று விழும் ஓசையாக இருக்கலாம். ஊற்றுவதை நிறுத்த வேண்டும். இந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது.

அவர் குடங்களையே பார்த்தார். "ஊத்தலன்னா கோவம் வரும் மேடம். கொயந்த மேல காட்டிச்சின்னா?"

3.30. மனைவி தேவகி வந்து இறங்கினாள். தூங்கும் குழந்தையை நேராகத் தொட்டிலில் கொண்டுபோய்ப் போட்டாள். அப்புறம்தான் முருகேசன் என்னைக் காட்டி நடந்ததைச் சொன்னார். அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"ஏன்யா, மூணு மாசமா சவாரிக்குப் போனியா, சொவுத்துக்குச் சேவகம் பண்ணிக்கினு இருந்தியா? நான் ஒரு சொம்புத் தண்ணி கேட்டா எழுந்திரிக்க மாட்ட!"

"உனக்கின்னா, நீ தட்டமாட்ட, திட்டுவ."

"அக்கா, இந்தாளு சொல்றத வுடுங்க. மதிலு வுழுமா?"

"எப்போது என்று சொல்ல முடியாது. விழும்."

"வேற வூடு பாக்க மாசம் ஆவும். அதுவரைக்கும் முன்ரூம்ல படுத்துக்கறோம். பகல்ல கொயந்த மட்டும் இங்க தூங்கட்டும். இங்கதான் குளிர்ச்சியா கீது."

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் குழந்தை விழித்து அழுதது. மதிலில் ஓசை நின்றது. அழுகை ஓய்ந்ததும் டக், டக், டக். குழந்தை மறுபடி சிணுங்கியது, மதில் அமைதியானது. சிணுங்கல் நின்றது, மதில் தட்டியது.

ஒருமுறை என்றால் தற்செயல் என்பேன். மூன்றாம் முறையும் அப்படியே நடந்தது. உள்ளே விழும் கல்லுக்குக் காது கிடையாது. அதற்குமேல் என் படிப்பில் எதுவும் இல்லை.

தேவகி அசையாமல் நின்றாள். "கேக்குதுய்யா," என்றாள், குரலே இல்லாமல். "எம்புள்ள அழுவறத நின்னு கேக்குது."

தொட்டிலுக்கு அருகில் நின்றவள் நான்தான். குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். ஏன் ஓடினேன் என்று யாரும் கேட்கவில்லை.

முருகேசன் தொட்டில் சேலையை அவிழ்த்தார். மீதிக் குடங்களைத் தெருவில் கொட்டினார். ஒவ்வொன்றுக்கும் மதிலைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் ஒன்பதையும் கொட்டினார்.

5.10. என்னைத் திருப்பதியில் இறக்கிவிட்டு அவர்கள் நகரிக்குப் போவதென்று முடிவாயிற்று. பின்னிருக்கையில் நான், தேவகி, பாத்திர மூட்டை. ராஜமகாலின் கோபுரங்களில் மாலை வெயில். பாலசமுத்திரத்தில் எங்கள் வீட்டுச் சுவர் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரையும். நைனா, என் அப்பா, மண் குழைத்துப் பூசுவார். நாங்கள் பேசுவது அந்தச் சுவருக்குக் கேட்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆட்டோ திரும்பியபோது நாங்கள் மூவரும் முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். தேவகியின் தோளில் கிடந்த குழந்தை மட்டும், மதில் மறையும்வரை, அதையே பார்த்துக்கொண்டு வந்தது. அழவில்லை.