இரண்டு மணி விலை

பிளக்கின் வாயைச் சட்டைக் கையால் துடைத்து, கேபிளின் முறுக்கை உதறிப் பிரித்து, அதன்பிறகுதான் ஃபோனில் யூனிட் விலையைப் பார்ப்பார் பர்சன்ட் அக்கா. பார்த்ததை மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. "பதிமூணு! பதிமூணுதான்ப்பா, வாங்க வாங்க!" என்று தானே கடை போட்டிருப்பதுபோல் சார்ஜிங் நிலையம் முழுக்கக் கேட்கக் கூவுவார்.

வயது ஐம்பத்திரண்டு. மின்சாரக் காரை டாக்ஸியாக ஓட்டுகிறார். எதையும் பேட்டரிக் கணக்கில்தான் அளப்பார். நேற்று இரவு தூக்கம் நாற்பது பர்சன்ட். கணவரின் கோபம் எண்பது, "சாப்பாடு போட்டா இருபதுக்கு இறங்கிடும்." முழங்கால் வலி எப்படி என்று கேட்டால், "இடதுல இன்னும் பதினஞ்சு பர்சன்ட் ஓடும்" என்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியர் ஒருவரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய், அழைத்துவருகிறார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டவர். வீட்டில் வேறு ஆளில்லை. இரண்டு வருடமாக ஒரே வாடகை. அது கட்டுப்படியானதற்குக் காரணம் மதியம் இரண்டு மணி. ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள நிலையத்தில் விலை நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் யூனிட் இருபது, மாலையில் இருபத்தைந்து, இரண்டு மணிக்கு மட்டும் பதிமூன்று. ஆசிரியர் உள்ளே படுத்திருக்கும் நேரத்தில் அக்கா வண்டியை நிரப்பிவிடுவார். அந்த நேரத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான். கண்டுபிடித்த கையோடு, தெரிந்த ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் சொல்லியும் விட்டார்.

போன வியாழன் இரண்டு மணிக்குப் பிளக்கைத் துடைத்தார், கேபிளை உதறினார், ஃபோனைப் பார்த்தார். கூவவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னக்கா, ஊமையாயிட்டீங்க?" என்றார் பின்னால் நின்ற பார்சல் வேன் ஓட்டுநர்.

"முப்பத்தொண்ணுங்குது."

"நேத்து பதிமூணுதானே!"

"நேத்து நான் உயிரோட இருந்தேன்."

நிலையத்தின் உதவி எண்ணுக்கு அடித்தார். ஒரு பெண் பணிவாக விளக்கினாள். "இன்னையிலேர்ந்து கூட்டத்தைப் பொறுத்துதான் விலை, மேடம். உங்க ஸ்டேஷன்ல ரெண்டு மணிக்குத்தான் கூட்டம் அதிகம்."

"கூட்டமா? இங்க ஈ காக்கா இருக்காதேம்மா!"

"அது முன்னாடி மேடம். ரெண்டு வருஷமா ஏறிக்கிட்டே இருக்கு."

அக்கா திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒன்பது வண்டிகள். ஒன்பது ஓட்டுநர்களும் தெரிந்த முகங்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு மணிக்கு வரச் சொன்னது அவர்தான்.

"என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன்," என்றார். வேன் ஓட்டுநர் சிரிக்கப் பார்த்து, அவர் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

அன்றைய ஓட்டத்துக்கு மட்டும் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, ஆசிரியரிடம் சொல்லவேண்டியதைக் காருக்குள் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். டயாலிசிஸ் முடிந்து வருகிறவருக்கு உடம்பு வெடவெடக்கும், தலை கிறுகிறுக்கும். பேச்செடுக்க நல்ல நேரம் இல்லை. தள்ளிப்போட்டால் வாய் வராது என்பதும் அக்காவுக்குத் தெரியும். அவரைத் தாங்கிப் பிடித்து முன் இருக்கையில் உட்காரவைத்து, ஊசி குத்திய கையில் படாமல் பெல்ட்டை மாட்டி, வண்டி நகர்ந்ததும் சொல்லிவிட்டார்.

"சார், கோச்சுக்காதீங்க. சார்ஜ் விலை ஒரே நாள்ல ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு. பழைய வாடகைக்கு இனிமே மூணு நாள் ஓட்ட முடியாது."

ஆசிரியர் கோபப்படவில்லை. பேரமும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து, முறை நாட்கள் எழுதிய ஆஸ்பத்திரியின் மஞ்சள் அட்டையை எடுத்துக் கண்ணருகே பிடித்தார்.

"நியாயம்தாம்மா. அப்போ ரெண்டு நாள் வெச்சுக்கலாம். எத விடலாம்? சனிக்கிழமை நர்ஸ் வலிக்காம ஊசி போடறாங்க. வியாழனை விட்டுடலாம்."

பாலில் ஒரு பாக்கெட்டைக் குறைக்கச் சொல்லும் குரல் அது.

அக்கா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். இரண்டு வருடமாக அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுந்தவர். முறை நாளைத் தவறவிட்டவர்கள் கால் வீங்கி, மூச்சுக்குத் திணறி, ஸ்ட்ரெச்சரில் வருவதைப் பார்த்திருக்கிறார். அப்படி வந்து, திரும்பிப் போகாத இரண்டு பேரையும் தெரியும்.

"வாடகையைப் பத்தித்தான் சார் பேசினேன். உயிரைப் பத்திப் பேசல," என்றார் அக்கா.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதானேம்மா. பென்ஷன் அவ்வளவுதான்."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அக்கா கையை நீட்டி, அவர் விரலிடுக்கிலிருந்து மஞ்சள் அட்டையை உருவி, தன் தலைக்கு மேலிருந்த வெயில் மறைப்பில் செருகிக்கொண்டு, "வியாழனும் வருவேன் சார்," என்று இண்டிகேட்டரைப் போட்டார்.