முப்பத்திரண்டு செட்டுக்கும் ஒரே ஃபைல்

பாலசமுத்திரத்து லோகேஸ்வரனுக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. கேட்டால் அவரே சொல்வார். டாக்டருக்கு மருந்து சொல்வார், டிரைவருக்கு கியர் சொல்வார். புத்தலப்பட்டுப் பக்கத்து மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் இருபது வருடம் இப்படிச் சொல்லிச் சொல்லியே மேனேஜராகிவிட்டார், புண்ணியவான்.

அங்கே முப்பத்திரண்டு வாக்கி டாக்கி. சீசனுக்கு முன்பு சேனல் மாற்றிக்கொடுக்கத் திருப்பதிக் கடையிலிருந்து யாமினி வந்தாள். ஒவ்வொரு செட்டையும் லேப்டாப்பில் மாட்டி, இருப்பதைப் படித்துச் சேமித்து, பிறகு புதியதை எழுதி, கேட்டுக்கு வெளியே நடந்துபோய்ப் பேசிப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் ஒன்பதுதான் முடிந்தது. நம்மவருக்குப் பொறுக்குமா?

"ஒரே ஃபைல எல்லாத்துக்கும் போட்டா முடிஞ்சுது. இதுக்கா ரெண்டு நாளு?"

"வெளிய பாக்க ஒண்ணுதான் சார். உள்ள செட்ட ஓட்டுற ஃபர்ம்வேர் பழசும் புதுசும் கலந்து கெடக்குது. புதுசோட ஃபைல பழசுல எழுதினா, அடுத்தவங்க பேசறது நமக்குக் கேக்கும், நம்ம பேசறது அவங்களுக்குக் கேக்காது. அவங்க செட்டுல பச்ச லைட்டு மட்டும் எரியும். சாஃப்ட்வேர் ஓகேன்னுதான் சொல்லும், நம்பாதீங்க."

குளிர்கிடங்கில் வேலை பார்க்கும் அப்பாவு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். லோகேஸ்வரன் கேட்கவில்லை. "நீ கெளம்பும்மா" என்று அனுப்பிவிட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் எங்கிருந்தோ இறக்கிய சாஃப்ட்வேரை வைத்து மீதி இருபத்துமூன்றையும் ஒரு மணி நேரத்தில் எழுதித் தள்ளினார். எல்லாவற்றுக்கும் ஓகே. "அயிப்போயிந்தி, முடிஞ்சுது!" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். பேசிப் பார்த்தாரா? அட, கம்ப்யூட்டரே ஓகே என்கிறது, இவர் வேறு வாய் வலிக்கப் பேச வேண்டுமா!

மறுநாள் பதினோரு மணிக்கு ஸ்டாக் பார்க்கக் குளிர்கிடங்குக்குள் போனார். மைனஸ் பதினெட்டு டிகிரி. உள்ளிருந்து கதவைத் திறக்கும் பிடி உடைந்து ஒரு மாதம். சீசன் முடியட்டும் என்று ரிப்பேரைத் தள்ளிப்போட்டவரும் இவரேதான். அதுவரை உள்ளே போகிறவர் செட்டில் கூப்பிட்டால் வெளியே இருப்பவர் வந்து திறப்பார் என்று ஏற்பாடு. அப்பாவுவின் செட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். கதவு மூடியது.

கூப்பிட்டார். பதில் இல்லை. ஆனால் செட்டில் மற்றவர்களின் பேச்சு கணீரென்று கேட்டது.

"மேனேஜரு எங்க?"

"எங்கனா யாருக்கனா புத்தி சொல்லிக்கினு இருப்பாரு, உடு!"

சிரிப்பு. லோகேஸ்வரன் கத்தினார், கதவை உதைத்தார், பட்டனை அமுக்கி அமுக்கி விட்டார். விரல் மரத்துப்போனது. செத்தோம் என்று பயந்து வாய்விட்டு அழுதார்.

வெளியே வேறொரு செட்டோடு இருந்த அப்பாவு, பச்சை விளக்கு விட்டு விட்டு எரிவதைப் பார்த்தான். குரல் இல்லை. யாமினி சொன்னது ஞாபகம் வர, ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

நீலம் பாரித்த உதட்டோடு வெளியே விழுந்தவர் முதலில் என்ன சொன்னார் தெரியுமா? "அந்தப் பொண்ணு வேல சரியில்லடா!"

அப்பாவு அவர் இடுப்பிலிருந்த செட்டைப் பிடுங்கினான்.

"பன்னெண்டு மணிக்கு எல்லாரும் துன்னப் போனப்புறம், இத எடுத்துக்கினு தனியா உள்ள போறது என் டூட்டி சார்."