அந்துப்பூச்சி அறை

அரியமங்கலத்தில் அந்துப்பூச்சி வளர்க்கும் கூடம் ஒன்று இருக்கிறது. அரிசி மூட்டையைத் திறந்தால் பறக்குமே, அதே சாம்பல் நிறப் பூச்சி. பாக்கியமேரிக்கு அங்கேதான் வேலை.

உடைத்த கம்புத் தானியத்தில் கடலைத்தூள் கலந்து, தட்டில் பரப்பி, முட்டையைத் தூவித் துணியால் மூடுவாள். புழு கம்பைத் தின்று, நூல் பின்னி, உள்ளேயே கூடு கட்டிக்கொள்ளும். பூச்சியாக வெளியே வந்தபின் எதுவும் தின்னாது. முட்டையிட்டுவிட்டு ஒரு வாரத்தில் செத்துப்போகும். அந்த முட்டைகளில்தான் பொடிக் குளவிகளை வளர்த்து, கரும்புத் தண்டைத் துளைக்கும் புழுவை ஒழிக்க விவசாயிகளுக்கு விற்பார்கள்.

ஜூன் மாதம் அவள் புருஷன் அற்புதசாமி லேத் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கத்தின்போது மேரி அழவில்லை. நாத்தனார் எல்லார் முன்னாலும், "கல்லுடி நீ" என்று சொல்லிவிட்டுப் போனவள், அப்புறம் வரவே இல்லை. மேரிக்குக் கோபமும் வரவில்லை. வீட்டில் அவர் போட்டோவைப் பார்த்தால், மாலையை மாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றும்.

ஒருநாள் மாஸ்க் போட மறந்து பூச்சி அறைக்குள் போய்விட்டாள். தட்டைத் திறந்ததும் இறக்கைத்தூள் குப்பென்று முகத்தில் அடித்தது. இருமல் நிற்கவில்லை. மூச்சு இழுத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கூட வேலை பார்க்கும் மஜீதா ஓடிவந்து, வெளியே இழுத்துப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"இப்பயாவது அழுதீங்களேக்கா! அடக்காதீங்க, நல்லா அழுதுடுங்க."

தூசிதான் என்று சொல்ல வாயைத் திறந்தாள் மேரி. பேச்சு வரவில்லை. பிறகு வந்தபோது, சொல்லத் தோன்றவில்லை. மஜீதாவின் தோளில் அப்படியே சாய்ந்துகொண்டாள்.

பூச்சித்தூள் ஆகாது என்று டாக்டர் சொன்னார். சூப்பர்வைசர் அன்புச்செல்வன், "இனிமே உள்ள போகாதீங்கம்மா. வெளிய பேக்கிங் பாருங்க" என்று இடம் மாற்றிக் கொடுத்தார்.

அதற்குள் செய்தி நாத்தனார் வரைக்கும் போயிருந்தது. போன் பண்ணினாள்.

"அழுதியாமே மேரி?"

மேரி "ஆமா" என்றாள்.

"அன்னிக்கு ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காத."

"இல்ல அண்ணி."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாத்தனார் குடும்பத்தோடு வந்தாள். மேரி டீ போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் வரைக்கும் அவர்கள் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மேரி கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ பக்கத்து வீட்டு மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. ஆனாலும் அவர்கள் கிளம்பியபோது, "அடுத்த வாரமும் வாங்க" என்றாள்.