முதலாளி மேஜையில் என் தொலைபேசி

இந்த ஊரில் ஒருவர் கொடுக்கிற தொலைபேசி எண் பெரும்பாலும் அவருடையது அல்ல. கல்யாணப் பத்திரிகையிலும் கடை ரசீதிலும் எண்ணுக்குப் பக்கத்தில் பி.பி. என்று போட்டிருப்பார்கள். பக்கத்துக் கடைக்குக் கூப்பிட்டால் ஆள் அனுப்பி அழைத்துவிடுவார்கள் என்று அர்த்தம். ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து நாலு வருஷமாகியும் இது எனக்குப் பிடிபடவில்லை. அங்கே மரக்கிடங்கில் கணக்கு எழுதியபோது கிடங்கின் எண்ணையே என் எண்ணாகக் கொடுப்பேன். கூப்பிடுகிற பர்மாக்காரர்கள் "தமின் சா பீபீலா" என்று, சாப்பிட்டாயிற்றா என்பதைக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். சென்னையிலும் திருச்சியிலும் சிதறிக் கிடக்கிற நம்மவர்களுக்கு இதெல்லாம் நினைவிருக்கும்.

அந்தப் பழக்கத்தில்தான், என் மனைவி முத்துலட்சுமியைக் காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்த்த அன்று, படிவத்தில் நான் வேலை பார்க்கும் புதுவயல் அரிசி ஆலையின் எண்ணை எழுதினேன். பி.பி. போடவில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். பிறந்தது ரங்கூன் என்றேன். இரண்டும் சேர்ந்து என்னைப் பணக்காரனாக்கிவிட்டன. இந்தச் சீமையில் ரங்கூன்காரர் என்றால் தேக்குத் தூண் நிறுத்தி வீடு கட்டியவர். இரண்டு டிரங்குப் பெட்டியோடு துரத்தப்பட்டவனும் ரங்கூன்காரன்தான் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. தனி அறை கொடுத்தார்கள். ஆபரேஷன் செய்தார்கள். குழந்தை தங்கவில்லை. முந்நூற்று இருபது ரூபாய்க்கு பில் தந்தார்கள். என் சம்பளம் தொண்ணூறு.

மாதம் பத்து ரூபாய் மணியார்டர் அனுப்பினேன். அது போதாதென்று, வசூலுக்கென்று அவர்கள் வைத்திருந்த ஆள் ஆலைக்குப் போன் போட ஆரம்பித்தார். போன் இருந்தது முதலாளியின் மேஜையில். லாரியில் மூட்டை ஏற்றுகிற காலை நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார்.

"தேக்கும் தங்கமுமாக் கொண்டாந்து இறக்குனீக. ஆஸ்பத்திரிக்குக் குடுக்க மட்டும் மனசு வரலையாக்கும்? வீட்டுக்கு வந்து சட்டி பானைய எடுத்துத் தெருவுல வைக்கட்டுமா?"

கொண்டுவந்தது இரண்டு பெட்டி என்று சொன்னால், பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கேட்பார். முதலாளி வெற்றிலை மடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குக் காது சுடும். செத்த பிள்ளைக்கு வாடகை கேட்கிற ஊர் என்று மனதுக்குள் ஏசுவேன். போனில் மட்டும், சரிங்க, பார்க்கிறேங்க என்பேன்.

ஒருநாள் முதலாளி பொறுமை இழந்துவிட்டார். இன்னொரு தடவை இந்த மணி எனக்காக அடித்தால் அன்றோடு கணக்கை முடித்துக்கொண்டு போகலாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

மறுநாள் காலையிலேயே மணி அடித்தது. முதலாளி இன்னும் வந்திருக்கவில்லை. நான் எழுந்திருப்பதற்குள் கணக்குப்பிள்ளை சுப்பையா எடுத்துவிட்டார். என்னைப் பார்த்தபடியே பேசினார்.

"அவுகளா? அவுக பர்மாவுக்கே திரும்பிப் போயிட்டாக. போன வாரமே கப்பலேறியாச்சு. இனிமே இங்குட்டுக் கூப்பிட்டுப் பிரயோசனமில்ல."

மறுமுனையில் ஒரு கேள்விகூட வரவில்லை போலிருக்கிறது. போனை வைத்துவிட்டு அவர் பேரேட்டைத் திறந்துகொண்டார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பேனாவோடு நான் நின்றேன்.

அதன் பிறகு அழைப்பு வரவில்லை. வேலை தப்பியது. சுப்பையாவுக்கு நான் கடமைப்பட்டவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னைத் துரத்திவிட்ட ஊருக்கு என்னை அனுப்பிவைப்பது இவ்வளவு சுலபமா என்று வயிறு எரிந்தது. நல்ல எண்ணத்தோடு அனுப்பிக்கொண்டிருந்த பத்து ரூபாயையும் நிறுத்த வேண்டியதாயிற்று. பர்மாவில் இருப்பவன் புதுவயல் தபாலாபீசிலிருந்து எப்படி மணியார்டர் அனுப்புவான்? காரைக்குடிக் கடைத்தெருப் பக்கம் போவதையும் விட்டேன். பெற்றவர்களுடைய மண் என்று நம்பி வந்து சேர்ந்த இடத்தில், திருடனைப் போல் ஆள் பார்த்து நடக்கிறேன்.

சுப்பையா என்னைக் கப்பலேற்றிய அன்று மாலையே நடந்ததை முத்துலட்சுமியிடம் சொன்னேன். அவளும் ரங்கூனில் பிறந்தவள்தான். சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"போறதுதான் போனீக, என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அவள் என் பதிலுக்குக் காத்திருந்தாள்.